மிச்சத் தண்ணீர்

மர்பி டவுனின் கிழக்கு ஓரத்தில், மௌரீன் துரைசானியின் பங்களாப் பின்சுவரை ஒட்டி இருபத்திரண்டு லைன் வீடுகள் இருந்தன. அத்தனை வீட்டுக்கும் கார்ப்பரேஷன் குழாய் ஒன்றே ஒன்று. மழைக்காலத்தில் விடியற்காலை ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். கோடையில் வெறும் காற்று வரும். அதனால் லைன் வீட்டுப் பெண்கள் பங்களாக் கிணற்றை நம்பித்தான் உலை வைத்தார்கள். துரைசானியின் புருஷன் கேப்டன் உயிரோடிருந்த காலத்திலிருந்தே இருந்த வழக்கம் அது. காலை ஆறு மணிக்குப் பின்கேட் திறக்கும். வீட்டுக்கு இரண்டு குடம். ஏழு மணிக்குக் கேட் மூடிவிடும்.

அந்தக் கேட்டைத் திறந்து மூடுகிறவள் சம்பூர்ணம். பங்களாவின் தோட்ட வேலை முழுவதும் அவள் பொறுப்பு. அவளும் லைன் வீட்டுக்காரிதான், ஏழாவது வீடு. சுதந்திரம் வந்த வருஷம் பங்களாவின் பழைய தோட்டக்கார மாலி செத்துப்போனார். வேறு ஆள் கிடைக்கிறவரை புல் பிடுங்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கைராசிக்காரி. அவள் நட்ட குச்சி எதுவும் பட்டுப்போனதில்லை.

ஐம்பத்தொன்றில் மழை சரியில்லை, ஐம்பத்திரண்டில் அதுவுமில்லை. அடுத்த மார்ச்சில் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குத்தான் தண்ணீர் மினுங்கியது. பங்களாவுக்கு முன்னால் பெரிய புல்வெளி, இரண்டு பக்கமும் எண்பது ரோஜாச் செடி. அவை காலையிலும் மாலையிலும் குடித்துக்கொண்டே இருந்தன. ஒருநாள் துரைசானி சம்பூர்ணத்தை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"நாளையிலேருந்து பின்கேட் திறக்காதே. என் ரோஸ் எல்லாம் சாவுது."

மௌரீன் துரைசானி பட்டாளக் குடியிருப்பான கன்டோன்மென்டிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் இங்கிலீஷ், வேலைக்காரர்களோடு தமிழ். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. சம்பூர்ணத்துக்கு டைபாய்டு வந்தபோது டாக்டரைக் கூட்டிக்கொண்டு தானே லைன் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேப்டன் போனபிறகு அவளுக்கு இருந்தது பென்ஷனும் தோட்டமும்தான்.

"ஜனங்க இன்னா பண்ணுவாங்க, தொரசானிம்மா?"

"நான் இன்னா பண்றது? கிணறு ஒண்ணுதானே இருக்கு."

சம்பூர்ணம் படியிலேயே நின்றாள். கேட்டை மூடினால் மறுநாள் காலை இருபத்திரண்டு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் அவள். அந்தத் திகைப்பில்தான் ஜாலஹள்ளி ஞாபகம் வந்தது.

யுத்த காலத்தில் ஜாலஹள்ளிப் பக்கம் இத்தாலிக்காரக் கைதிகளை வைத்திருந்த முகாமில் அவள் துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கொட்டகை ஓரத்தில் ஒரு கைதி ஊசி ஊசியாய் இலை வைத்த செடியை வரிசையாக நட்டிருந்தான். கசக்கினால் கற்பூரமும் மிளகும் கலந்த மாதிரி வாசனை. முகாம் காலியாகி இரண்டு வருடம் கழித்து, அந்த வழியாக விறகு பொறுக்கப் போனபோது பார்த்தாள். கொட்டகை இடிந்து கிடந்தது. செடி மட்டும் இடுப்பளவு உயரத்துக்கு நீலப் பூவோடு நின்றது. அதற்கு யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்?

அதைத் துரைசானியிடம் சொன்னாள். துரைசானி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"ரோஸ்மேரி! சம்பூர்ணம், அது ரோஸ்மேரி!"

அன்று சாயங்காலமே அலமாரியிலிருந்து தடித் தடியாய்ப் புத்தகங்கள் இறங்கின. ரோஸ்மேரி, லாவண்டர், ஸேஜ், சிஸ்டஸ் என்று துரைசானி ஒவ்வொரு படமாகக் காட்டினாள். எல்லாம் இத்தாலி, கிரீஸ் பக்கத்துக் கடற்கரை மலைகளில் வளர்கிற புதர்கள். அங்கே வெயில் காலம் முழுக்க ஒரு சொட்டு மழை கிடையாது. கல்லுக்கு நடுவில் வேரை ஆழமாக விட்டுக்கொண்டு பிழைத்துக் கிடக்கும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் தன் தங்கைக்கும் அதே மாதிரித் தோட்டம்தான், விதைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றாள் துரைசானி. பிறகு புத்தகத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆனா முதல் வருஷம் இதுக்கும் தண்ணி வேணும். வேர் கீழே இறங்கற வரைக்கும். அதுக்கப்புறம் வேண்டாம்."

"அப்பொறம் கெணத்துத் தண்ணி மிச்சம்தானே தொரசானிம்மா?"

"மிச்சம்தான். இந்த ஒரு வருஷம் வீட்டுக்கு ஒரு குடம் எடுத்துக்கட்டும். அடுத்த வருஷத்துலேருந்து கேட்டைத் திறந்தே வெச்சிடறேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும். சரியா?"

அன்றைக்கு லைன் வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடினார்கள். சம்பூர்ணம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். ஐந்தாவது வீட்டுச் சின்னத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். பட்டாளத்து பாரக்ஸில் கூட்டிப் பெருக்குகிறவள், புருஷன் இல்லாதவள், யார் சொல்வதையும் சட்டென்று நம்பாதவள்.

"எழுதிக் குடுத்தாங்களா?"

"வாய் வார்த்தைதான். தொரசானி அப்படிப்பட்டவங்க இல்லக்கா."

"ரெண்டு கொடத்துக்கே நாக்கு வரண்டு போவுது. அதுல ஒண்ண செடிக்குக் குடுன்றே."

"ஒரு வருஷம். நான் கேக்கறேன், எனக்காகக் குடுங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா என் தலமயிரப் புடிச்சுக் கேளுங்க."

அவள் மேலிருந்த நம்பிக்கையில் சம்மதித்தார்கள். சம்மதித்ததோடு நிற்கவில்லை. தோட்டத்துக் கோடியில் இடிந்து கிடந்த குதிரை லாயத்தின் சுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களே வந்து உடைத்தார்கள். செம்மண்ணில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் இந்தச் செடிகளின் வேர் அழுகிவிடும் என்று புத்தகம் சொன்னது. அதனால் உடைத்த செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் மண்ணோடு கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடு மேடாகக் கட்டினார்கள். கூடை கூடையாய் ஜல்லி சுமந்து மேலே பரப்பினார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. அது அவர்களுடைய தண்ணீர் என்று நினைத்துச் சுமந்தார்கள்.

சம்பூர்ணம் ஜாலஹள்ளிக்கு நடந்து போய் ஒரு கட்டு ரோஸ்மேரிக் குச்சி ஒடித்து வந்தாள். கீழ் இலைகளை உருவிவிட்டு மணலில் சொருகி, கோணியால் நிழல் கட்டினாள். பெர்த்திலிருந்து விதை வந்தது. ரோஜாக்கள் ஒவ்வொன்றாய்க் காய்ந்தபோது துரைசானி ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனாலும் சொன்ன சொல் மாறவில்லை.

அந்த ஒரு வருஷம் லைன் வீட்டில் எப்படிக் கழிந்தது என்று சொன்னால் இன்றைக்கு நம்பமாட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள். குளிக்க அல்சூர் ஏரிக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சொறி வந்தது. மே மாசத்தில் சின்னத்தாயியின் மகள் சரளா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் நடு மத்தியானம் சின்னத்தாயி குடத்தோடு பின்கேட்டுக்கு ஓடிவந்தாள். இடுப்புச் சேலையில் ரத்தக் கறை.

"சம்பூர்ணம், ஒரே ஒரு கொடம். கொழந்த பொறந்துட்சி. கழுவத் தண்ணி இல்ல."

சம்பூர்ணத்தின் கையில் நிறைந்த குடம் இருந்தது. லாவண்டர் நாற்றுக்கு ஊற்றுகிற நாள். திரும்பிப் பார்த்தாள். துரைசானி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குடத்துக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போடுவது அந்த வருஷம் அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

"அக்கா, அங்க பாத்துகினு கீறாங்க. ஒரு கொடம் வெளிய போச்சுன்னு தெரிஞ்சா கேட்டையே சாத்திட்டா இன்னா பண்றது? எல்லாருக்கும்தானே போவும்?"

சின்னத்தாயி பிடித்திருந்த கேட்டுக் கம்பியை விட்டாள். பிறகு ஏரிப் பக்கம் ஓடினாள். சம்பூர்ணம் குடத்தைச் சாய்த்து லாவண்டருக்கு ஊற்றினாள். சரளா ஜுரம் கண்டு இருபது நாள் கிடந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் கடைசியில் மழை ஓரளவுக்குப் பெய்தது. ஜனவரியில் தோட்டம் பூத்தது. பழைய புல்வெளி இருந்த இடத்தில் சாம்பலும் பச்சையுமாகக் குத்துக் குத்தாய்ப் புதர்கள். ரோஸ்மேரியில் நீலம், லாவண்டரில் ஊதா, சிஸ்டஸில் கசங்கின காகிதம் மாதிரி வெள்ளை. வெயில் ஏற ஏற வாசனை தெருவரை வந்தது. மார்ச்சில் கன்டோன்மென்ட் பங்களாக்களில் இருந்த தோட்டமெல்லாம் கருகியபோது இது மட்டும் நின்றது. வேர் இறங்கிவிட்டது. கிணற்றில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர்.

துரைசானி வாக்குக் கொடுத்தபடி கேட்டைத் திறந்து விட்டாள். வீட்டுக்கு நாலு குடம், ஐந்து குடம், கேள்வி முறை இல்லை. பெண்கள் காலையிலேயே தலை குளித்து ஈரக் கூந்தலோடு லைனில் நடமாடினார்கள். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் தாம்பூலம் சம்பூர்ணத்துக்கு. சின்னத்தாயிகூட ஒருநாள் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டாள். அந்த நாலு மாசம்தான் சம்பூர்ணம் தன் வாழ்க்கையில் தலை நிமிர்ந்து நடந்த காலம்.

தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜூன் மாசம் துரைசானி தன் சிநேகிதிகளுக்கு டீ பார்ட்டி வைத்தாள். அதற்குச் சோடாவும் லெமனேடும் அல்சூர் பஜாரிலிருந்து வந்தன. சோடா கம்பெனி முதலாளி சந்தானம் தானே வண்டியோடு வந்திருந்தார். நெற்றியில் சந்தனம், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. துரைசானிகள் செடிகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் கிணற்றடியில் நின்றார். ஒரு ஜல்லியை எடுத்து உள்ளே போட்டுச் சத்தத்தைக் கேட்டார்.

"ஏம்மா, தோட்டம் உன் கைவேலைன்னு அம்மா சொன்னாங்க. ரொம்ப நல்லாயிருக்கு."

சம்பூர்ணத்துக்கு உச்சி குளிர்ந்தது. "ஆமாங்கய்யா."

"இவ்வளவு பெரிய தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஊத்தறே?"

"ஒரு நாளைக்கா?" அவள் சிரித்தாள். "வாரத்துக்கே பத்துக் கொடம் ஆவாதுங்க. மழை வந்துட்சின்னா அதுவும் வேணாம். கெணறு அப்படியே கீது பாருங்க. எறைக்க எறைக்க ஊறுது."

"அப்படியா," என்றார் சந்தானம். "ரொம்பக் கெட்டிக்காரிம்மா நீ."

மூன்று வாரத்தில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. கிணற்றடியில் ஒரு தகரக் கொட்டகை எழும்பியது; அதற்குள் ஆயில் இன்ஜின். கிணற்றைச் சந்தானத்துக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று என்ற சேதியை, பின்கேட்டில் பூட்டுத் தொங்கிய பிறகுதான் சம்பூர்ணம் தெரிந்துகொண்டாள். பூட்டின் சாவி சந்தானத்தின் வாட்ச்மேனிடம் இருந்தது. வெளியே இருபத்திரண்டு வீட்டுக் குடங்களும் வரிசையில் இருந்தன.

சம்பூர்ணம் வராந்தாவுக்கு ஓடினாள்.

"தொரசானிம்மா, நீங்க வாக்குக் குடுத்தீங்க."

துரைசானியின் முகம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கோவப்படாதே சம்பூர்ணம். பென்ஷன்ல இந்த வீட்டை நான் எப்படி வெச்சுக்கறது? கூரை ஒழுகுது. அவர் வந்து கேட்டார். தண்ணி மிச்சம்தானே இருக்கு. நீதானே அவர்கிட்டே சொன்னே, வாரத்துக்குப் பத்துக் குடம் போதும்னு?"

"மிச்சம் ஜனங்களுக்குன்னுதானே..."

"ஒரு வருஷம் வேணும்ன்றது குடுத்தேன் இல்லே?"

"நாலு மாசம்."

"கார்ப்பரேஷன்காரங்ககிட்டே நான் பேசறேன். ஒரு லெட்டர் எழுதறேன். இன்னொரு குழாய் போடச் சொல்றேன்." துரைசானி எழுந்து அவள் தோளைத் தொட்டாள். "உன் புருஷனுக்கும் ஒரு வேலை கேட்டிருக்கேன். இன்ஜின் பார்த்துக்கற வேலை. சந்தானம் சரின்னுட்டார்."

கோவிந்தப்பா, சம்பூர்ணத்தின் புருஷன், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மூட்டை தூக்கி இடுப்பொடிந்து ஒன்றரை வருடமாக வேலையில்லாமல் இருந்தவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"போவாதய்யா," என்றாள். "நம்ம ஜனங்க தண்ணியய்யா அது."

"நம்ம தண்ணியா? கெணத்துல நம்ம பேரு எழுதிகீதா? நான் போவலன்னா வேற ஒருத்தன் போவான். இன்ஜின் ஓடத்தான் போவுது. குந்திகினு பாக்கற வேலை, சம்பூர்ணம். என் இடுப்புக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

மறுநாள் காலை அவன் போனான்.

அன்று காலை அவள் லைனுக்குள் நுழைந்தபோது பெண்கள் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலைத் தண்ணீர் அப்போதே நின்றுவிட்டிருந்தது. பங்களாச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சின்னத்தாயி எழுந்து வந்தாள். தலைமயிரைப் பிடிப்பாள் என்று சம்பூர்ணம் நினைத்தாள். பிடித்திருந்தால்கூடத் தேவலாம்.

"என் பொண்ணு ரத்தத்துல கெடந்தப்போ உன் செடிக்கு ஊத்தினே. சரி, எல்லாருக்காகவும்தான்னு பொறுத்துகினேன். இப்போ உன் வூட்டுக்காரன் அங்க குந்திகினு எங்க தண்ணிய எடுத்து சோடாக்காரனுக்கு ஊத்தறான். நல்லா கீது சம்பூர்ணம். ரொம்ப நல்லா கீது."

மற்றவர்கள் குடங்களை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அன்றையிலிருந்து யாரும் அவளோடு பேசவே இல்லை. அவள் வந்தால் எழுந்து போனார்கள். பிள்ளைகள்கூட அவள் வீட்டு வாசலைத் தாண்டி ஓடின.

சம்பூர்ணம் தோட்ட வேலையை விடவில்லை. விட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொண்டாள். தினமும் அந்த மேடுகளுக்கு நடுவில் நடந்தாள். ஒவ்வொரு ஜல்லியும் அந்தப் பெண்கள் சுமந்தது. சனிக்கிழமைகளில் புது ஆட்கள் வந்து மோந்து பார்த்து, "தண்ணியே வேண்டாமாமே!" என்று ஆச்சரியப்பட்டுப் போனார்கள். துரைசானி ஒரு பத்திரிகைக்குத் தோட்டத்தைப் பற்றி எழுதினாள். அதில் சம்பூர்ணத்தின் பேரும் இருப்பதாகச் சொல்லி வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்க சம்பூர்ணத்துக்குள் ஏதோ கல்லாகிக்கொண்டே வந்தது.

குத்தகைப் பத்திரத்தில் தோட்டத்துக்கு வேண்டிய தண்ணீரைத் துரைசானி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அதற்காக இன்ஜின் கொட்டகையிலிருந்து ஒரு நீள ரப்பர் குழாயும் கொடுத்திருந்தார்கள். அதுவரை யாரும் தொடாத குழாய். ஆகஸ்ட் மாசம் ஒருநாள் சம்பூர்ணம் அதை இழுத்துக்கொண்டு போய் லாவண்டர் மேட்டில் போட்டுத் திறந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியும். அந்தச் செடிகளைப் பற்றி மர்பி டவுனில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வெயிலில் சாகாது, காற்றில் சாகாது, பட்டினி போட்டால் சாகாது. தண்ணீரில் சாகும்.

முதலில் மேடுகளின் ஓரத்தில் இருந்த வடிகால்களை மண் போட்டு மூடினாள். பிறகு தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மழை பெய்த நாளிலும் ஊற்றினாள். வராந்தாவிலிருந்து பார்த்த துரைசானி, "எவ்வளவு அக்கறை உனக்கு!" என்றாள். செப்டம்பரில் லாவண்டரின் சாம்பல் இலைகள் தொங்க ஆரம்பித்தன. துரைசானி பதறிப்போனாள்.

"காயுதே சம்பூர்ணம்! இன்னும் கொஞ்சம் ஊத்து."

"சரிங்க தொரசானிம்மா."

சொன்னபடி ஊற்றினாள்.

பின்கேட்டுக்கு வெளியே சில நாள் சின்னத்தாயி வந்து நிற்பாள். இடுப்பில் காலிக் குடம். எப்போதாவது வாட்ச்மேன் மனம் இரங்கிக் கேட்டைத் திறப்பானோ என்று வருவாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீர் தரையில் ஓடி, மேட்டிலிருந்து வழிந்து, பாதையில் குட்டையாகத் தேங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சம்பூர்ணம் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். குழாயை அடுத்த செடியின் அடிக்குத் தள்ளுவாள். அப்படி ஒரு வெறி அவளுக்கு. துரைசானியின் தோட்டம் சாக வேண்டும். அது ஒன்றுதான் கண்ணில் நின்றது.

லாவண்டர் முதலில் போயிற்று. அப்புறம் ஸேஜ். சிஸ்டஸின் தண்டு மண்ணோடு சேருமிடத்தில் கறுத்து மெத்தென்றாகிவிட்டது. ரோஸ்மேரி கடைசிவரை இழுத்துக்கொண்டிருந்தது. நவம்பரில் அதுவும் ஊசி இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சி குச்சியாய் நின்றது. வாசனை வந்துகொண்டிருந்த இடத்தில் அழுகல் நாற்றம்.

ஒரு காலையில் துரைசானி மண்ணில் மண்டியிட்டுத் தன் கையாலேயே ஒரு செடியைப் பிடுங்கினாள். இழுத்ததும் வந்துவிட்டது. வேர் கறுப்பாக, கூழாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சம்பூர்ணத்தை நிமிர்ந்து பார்த்தாள். அறுபது வயதுக் கண்ணில் சின்னப் பெண்ணின் கலக்கம்.

"நான் இன்னா தப்புப் பண்ணேன்?"

சம்பூர்ணம் இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று மாசம் காத்திருந்தாள். பதிலும் வைத்திருந்தாள். ஆனால் துரைசானி செடியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்பது புரிந்தது. அதிகம் ஊற்றச் சொன்னது தன் தப்பா, மண் சரியில்லையா, விதை சரியில்லையா, இவ்வளவுதான் அவள் நினைப்பு. கேட்டைப் பற்றி, வாக்கைப் பற்றி, லைன் வீட்டைப் பற்றி அவள் மனசில் ஒரு துளி இல்லை. இவளிடம் என்ன சொல்லி என்ன?

"தெரியலீங்க தொரசானிம்மா," என்றாள்.

தோட்டம் போனபிறகு துரைசானிக்கு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் பின்பாதி நிலத்தைக் கிணற்றோடு சந்தானத்துக்கே விற்றுவிட்டு, பங்களாவையும் ஒரு மார்வாடிக்கு விற்றுவிட்டு, பெர்த்துக்குத் தங்கையிடம் கப்பல் ஏறினாள். போகும்போது சம்பூர்ணத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு சம்பூர்ணம் ரிச்மண்ட் டவுனில் ஒரு வீட்டில் வேலை கேட்டாள். அங்கே இருந்த அம்மாள் அதை உரக்கப் படித்தாள்: நாணயமானவள், உழைப்பாளி, செடிகளைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்பவள். வேலை கொடுக்கிறேன் என்றாள். மறுநாள் சம்பூர்ணம் போகவில்லை. அதற்கப்புறம் அவள் மண்ணில் கை வைக்கவில்லை.

சந்தானம் அந்த நிலத்தில் பெரிய கொட்டகையாகப் போட்டு சோடா கம்பெனியை அங்கேயே கொண்டுவந்தார். பாட்டில் கழுவப் பெண்கள் வேண்டியிருந்தது. கோவிந்தப்பாவின் இடுப்பு அவனை மறுபடியும் படுக்கவைத்துவிட்டிருந்தது. சம்பூர்ணம் போய்ச் சேர்ந்தாள். காலை எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கல் தொட்டியில் கையை விட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். விரல்கள் வெளுத்து ஊறிப்போகும். வேலை விட்டுப் போகும்போது ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போகலாம் என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். அந்த ஒரு குடத்துக்காகவே லைன் வீட்டிலிருந்து நிறையப் பேர் வேலைக்கு வந்தார்கள். பாரக்ஸ் வேலை போனபின் சின்னத்தாயியும் வந்தாள். மேஸ்திரி அவளைச் சம்பூர்ணத்துக்குப் பக்கத்துத் தொட்டியில் உட்காரவைத்தான்.

எட்டு மாசம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினார்கள். பேச்சில்லை. அப்புறம் ஒருநாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், சின்னத்தாயி பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே, திரும்பாமலே கேட்டாள்.

"அந்தத் தோட்டத்த நீதானே சாவடிச்சே?"

சம்பூர்ணத்தின் கை தண்ணீருக்குள் நின்றது. யாரிடமும் சொல்லாத விஷயம். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

"ஆமாக்கா."

"தெரியும். மழையிலகூட ஊத்திகினு இருந்தியே. அதான் நெனச்சேன்."

திட்டவில்லை. குரலில் கோபமும் இல்லை. சம்பூர்ணம் அவள் பக்கம் திரும்பினாள். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சின்னத்தாயி அடுத்ததைக் கேட்டாள்.

"அந்த ரப்பர் குழாய் கேட்டு வரைக்கும் வருமா?"

"வரும்."

"வாட்ச்மேன் காலையில டீ குடிக்கப் பூடுவான் இல்ல?"

"பூடுவான்."

"இன்ஜின்ல உன் வூட்டுக்காரன்தானே இருந்தான்?"

சம்பூர்ணம் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று மாசம், நாளுக்கு இரண்டு மணி நேரம், கைக்கெட்டும் தூரத்தில் காலிக் குடத்தோடு ஒருத்தி நின்றாள். கம்பி இடுக்கில் குழாயை நீட்டியிருந்தால் போதும்.

"ஆத்திரம், அக்கா," என்றாள் கடைசியில். "அது எனக்குத் தோணவே இல்ல."

"தோணாது," என்றாள் சின்னத்தாயி. கழுவின பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த அழுக்கைக் கண்டு, திரும்பவும் தண்ணீருக்குள் அமுக்கினாள்.